இரண்டு மணி மருந்து

கறுப்புத் திரையில் எண் இறங்கிக்கொண்டிருந்தது. பத்து, ஒன்பது, எட்டு. அவன் விரல் பழக்கத்தில் கீழ் அம்புக்குறிப் பொத்தானின் மேல் போய் நின்று, பின் விலகியது. இன்றைக்குக் கீழே உள்ளது வேண்டாம், மேலே உள்ளது போதும். ஒன்றையும் தொடாமல் விட்டால் எண் முடிந்ததும் அது தானே எழுந்துகொள்ளும்.

அப்பா காலை ஒன்பதே காலுக்குப் போய்ச் சேர்ந்தார். இந்த அறையின் வாடகைக் கட்டிலிலிருந்து அவரைத் தூக்கிக் கூடத்துப் பெஞ்சில் கிடத்தி ஒரு மணி நேரம் ஆகிறது. வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் அங்கேதான் பிளாஸ்டிக் நாற்காலியில் மடியில் பையோடு உட்கார்ந்திருந்தார். கடைசி மூன்று நாள் எந்த மருந்து எத்தனை மணிக்குக் கொடுக்கப்பட்டது என்று ஒரு தாள் வேண்டும், அதைப் பார்த்துவிட்டுத்தான் டாக்டர் சான்றிதழில் கையெழுத்துப் போடுவார் என்று சொல்லியிருந்தார். அந்தத் தாள் இந்தக் கம்ப்யூட்டர்ப் பெட்டிக்குள் இருந்தது.

ஒரே கம்ப்யூட்டரில் அவன் இரண்டு இயங்குதளங்களை வைத்திருந்தான். பள்ளிச் சீருடைகளுக்குப் பேட்ஜ் தைத்துக் கொடுப்பது அவன் தொழில். படத்தைத் தையலாக மாற்றும் மென்பொருள் எம்பிராய்டரி மெஷினோடு வந்தது. அதைச் செய்த கம்பெனியே இப்போது இல்லை. பழைய இயங்குதளத்தில் ஓடுமே தவிர, புதியதில் திறக்கக்கூடத் திறக்காது. கடிதம், பில், பிரிண்டர், மற்றதெல்லாம் புதியதில். எது வேண்டுமோ அதற்குத் தகுந்தபடி பெட்டியை அணைத்து, மறுபடி போட்டு, அந்தப் பத்து நொடிக்குள் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்பா குழாய் வேலை பார்த்தவர். ஒரு நாள் பின்னால் நின்று இதைப் பார்த்துவிட்டு, "ஒரே வீட்டுல ரெண்டு பொண்டாட்டி வச்சிருக்கான். நான் ஒண்ணையே சமாளிக்க முடியாம இருந்தேன்" என்றார். அன்றிலிருந்து வீட்டில் பழையதற்கு மூத்தவள் என்றும் புதியதற்கு இளையவள் என்றும் பெயர். "இப்ப யாருப்பா முழிச்சிருக்கா, மூத்தவளா இளையவளா?" என்று அப்பா படுக்கையிலிருந்தே கேட்பார்.

இளையவள் எழுந்தாள். திரையின் ஓரத்தில் மணி ஏழு பத்து என்று காட்டியது. அவன் கைக்கடிகாரத்தில் பதினொன்று பத்து.

முதலில் அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. இது பழகிய சங்கதி. பெட்டிக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அதில் இருப்பதை மூத்தவள் அப்படியே ஊர் மணி என்று எடுத்துக்கொள்வாள். இளையவளோ அதை உலகப் பொது மணி என்று நினைத்து, இந்த ஊர் அதற்கு நான்கு மணி நேரம் பின்னால் என்பதால் நான்கைக் கழித்துக் காட்டுவாள். இரண்டு பேரும் அவரவர் வரையில் சரிதான். மூத்தவளிடம் போனதும் அவள் மணியையும், திரும்பியதும் இளையவளின் மணியையும் அவன் கையால் திருத்துவான். இணையத்தில் இருந்தால் தானாகவே திருந்திவிடும், ஆனால் மூத்தவளை இணையத்தில் விட்டால் வைரஸ் ஏறிவிடும் என்று அந்த ஒயரையே அவன் பிடுங்கிவைத்திருந்தான். எங்கோ ஓரிடத்தில் ஒரு வரி மாற்றினால் இந்தத் தொல்லை ஒரேயடியாகத் தீரும் என்று படித்திருக்கிறான். ஒரு நாள் உட்கார்ந்து செய்ய வேண்டும் என்று இரண்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தான்.

மணியைத் திருத்தக் கையைக் கொண்டுபோனவன் அப்படியே நின்றான். கடைசியாக மூத்தவளிடம் போனது நேற்று.

நேற்றுக் காலை பள்ளியிலிருந்து போன் வந்தது. கழுகுச் சின்னத்தின் இறக்கையில் நூல் விலகித் துணி தெரிகிறதாம். பத்து மணிக்கு மூத்தவளை எழுப்பி, இறக்கையின் தையலை நெருக்கமாக்கி, பன்னிரண்டு பத்துக்கு இளையவளை மறுபடி போட்டபோது போன் திரும்பவும் அடித்தது. பென் டிரைவைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பேசியபடியே கிளம்பிவிட்டான். மெஷினை ஐந்து வாரமாக ஒரு நண்பனின் ஷெட்டில் போட்டிருந்தான், அதன் சத்தம் அப்பாவின் தலையில் இறங்கியதால். அங்கே போய்த் தைத்து முடித்து வீடு திரும்பியபோது மாலை ஆறரை. மனைவி வேலைக்குப் போயிருந்தாள். வீட்டில் அப்பாவும் அக்காவும் மட்டும்.

மருந்து மணி இளையவளிடம் இருந்தது. அதை அமைத்துக் கொடுத்ததும் அவன்தான். அக்கா தன் வீட்டையும் வேலையையும் விட்டுவிட்டு அப்பாவுக்காக வந்த முதல் வாரமே, எந்த மருந்து எப்போது என்று தலை சுற்றுகிறது என்றாள். வேளை வந்தால் மணி அடிக்கும். ஏதாவது ஒரு விசையைத் தொட்டால் அடிப்பது நின்று, "கொடுத்தாச்சு" என்று நேரத்தோடு பதிந்துகொள்ளும். திரை வெளிச்சம் அப்பாவின் கண்ணில் படாமல் சுவர்ப் பக்கம் திருப்பிவைத்திருந்தார்கள். விசைப்பலகை மட்டும் அக்காவின் நாற்காலிக்குக் கை எட்டும் தூரத்தில் இருந்தது.

அவன் பட்டியலைத் திறந்தான். நேற்று, எட்டு மணி, வலி மருந்து, கொடுத்தாச்சு, 8:00. அடுத்த வரி: இரண்டு மணி, வலி மருந்து, கொடுத்தாச்சு, 2:01. அதோடு பட்டியல் நின்றிருந்தது.

நேற்று மாலை அவன் உள்ளே நுழைந்தபோது அக்கா சமையலறையில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். முந்தைய இரவு முழுக்க விழித்திருந்தவள், ஒரு மணிவாக்கில் நாற்காலியில் கண்ணயர்ந்துவிட்டாளாம். எழுந்து போனைப் பார்த்தால் ஆறு. ஆறு மணி மாத்திரைக்கான மணிதான் தன்னை எழுப்பியது, இரண்டு மணிக்கு அடித்தது தன் காதிலேயே விழவில்லை, இரண்டையும் சேர்த்து ஆறு மணிக்குத்தான் கொடுத்தேன் என்றாள். பத்து மணி நேரம் அப்பா வலி மருந்தில்லாமல் கிடந்திருக்கிறார். பரவாயில்லை விடு என்று அவன் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனான். அதன் பிறகு அவள் மணியை அணைத்துவிட்டு, போனைக் கையில் பிடித்தபடி விடியும்வரை உட்கார்ந்திருந்தாள். மற்ற வேளைகளை மருந்து டப்பாவின் மூடியில் பேனாவால் எழுதியிருந்தாள்.

எழுப்பியது ஆறு மணி மாத்திரையின் மணி அல்ல. அதுதான் இரண்டு மணி மருந்து. நான்கு மணி நேரம் தள்ளி அடித்திருக்கிறது.

மூடியில் இருந்த வேளைகளையும் பட்டியலின் கீழே தட்டச்சு செய்துவிட்டு, தாளைப் பிரிண்டரில் விடுவதற்கு முன் அவன் யோசித்தான். யோசித்தான் என்றுகூடச் சொல்ல முடியாது. கண்ணுக்குள் மணல் போட்டதுபோல் இருந்தது. காகிதத்தில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. நர்ஸ் ஒன்றும் கேட்கப்போவதில்லை, டாக்டர் கையெழுத்துப் போடுவார், யாருக்கும் கெடுதல் இல்லை. அக்காவிடம் மெல்லச் சொல்லிக்கொள்ளலாம். பிரிண்டர் இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுத் தாளைத் தள்ளியது.

நர்ஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் வரிவரியாகப் பார்த்தார். அக்கா டீத் தட்டோடு பக்கத்தில் வந்து நின்றாள். நல்லா பாத்துக்கிட்டீங்க, ஒரு வேளைகூடத் தவறலையே, ஆஸ்பத்திரியிலகூட இப்படி எழுதிவைக்க மாட்டாங்க என்று நர்ஸ் மனதாரச் சொன்னார்.

"ரெண்டு மணி மருந்த ஆறு மணிக்குக் கொடுத்தேன்" என்றாள் அக்கா.

நர்ஸ் தாளைத் திருப்பிக் காட்டினார். ரெண்டு ஒண்ணுக்குன்னு போட்டிருக்கேம்மா. தூக்கம் இல்லாத உடம்பு, உங்களுக்குத்தான் குழம்புது, மிஷினுக்கு என்ன தூக்கமா துக்கமா என்றார்.

அக்கா தட்டைப் பெஞ்சின் ஓரத்தில், அப்பாவின் காலடியில் வைத்தாள். தாளை வாங்கி அந்த வரியை நெடுநேரம் பார்த்தாள். அவளுடைய உதடு அசைந்ததை அவன் பார்த்தான். எதையோ கூட்டிக் கழிப்பதுபோல.

"அப்ப நான் அமுக்கியிருக்கேன்" என்றாள். "மணி அடிச்சிருக்கு. தூக்கத்துலயே கையை நீட்டி அமுக்கிட்டு, கொடுக்காமலே திரும்பப் படுத்துட்டேன்."

அப்போது சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கக்கூடச் செய்தான். ஆனால் நர்ஸ் எழுந்து நின்று, இந்த நிலையில் நான்கு மணி நேரம் முன்னே பின்னே என்பதால் போகிற நேரம் ஒன்றும் மாறியிருக்காது, மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று இரண்டு பேருக்கும் பொதுவாகச் சொன்னார். வலியைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்தார். அவன் அவரோடு வாசல்வரை போனான். அங்கே நின்றுகொண்டு அவர் கேட்காத ஏதேதோ விவரங்களைக் கேட்டான்.

அதற்குப் பிறகு வேலை ஒன்றன்மேல் ஒன்றாக வந்தது. உடலை எடுத்துப்போகும் வண்டிக்காரனிடம் பேசினான். ஐந்து மணிக்குத்தான் வர முடியும் என்று பதில் வந்தது. பள்ளியிலிருந்து போன் வந்தது, இன்று பேச முடியாது என்று வைத்தான். உறவுக்காரர்களுக்கு ஒரே சேதியைப் பதினான்கு முறை சொன்னான். சொல்லச் சொல்ல வாக்கியம் சுருங்கிக்கொண்டே வந்து, கடைசியில் "ஆமா, காலைல" என்று நின்றது. ஒவ்வொரு போனுக்கும் நடுவில், இதை முடித்துவிட்டு அக்காவிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தான். கட்டிலை மூன்றரைக்குள் கழற்றிவைக்காவிட்டால் தனியாக ஆள் அனுப்ப வேண்டியிருக்கும் என்று வாடகைக் கடையிலிருந்து சொன்னார்கள். கழற்றிவைக்கிறோம் என்றான்.

அத்தை, அப்பாவின் தங்கை, பதினொன்றரைக்கே வந்துவிட்டாள். அழுது முடித்துவிட்டு வாசல் நாற்காலியில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் அண்ணனின் கடைசி நாளைச் சொல்லத் தொடங்கினாள். அக்கா தூங்கிவிட்டதைப் பற்றி அவன் மனைவி நேற்று ராத்திரி போனில் அவளிடம் எதேச்சையாகச் சொன்னது இப்போது வாசலில் வளர்ந்துகொண்டிருந்தது.

"பெத்தவர் பக்கத்துல துடிச்சிட்டுக் கிடக்கும்போது எப்படித்தான் தூக்கம் வருதோ சிலருக்கு. நானெல்லாம் எங்கயாவது ஒரு குழாய் சொட்டினாலே முழிச்சிடுவேன்."

அப்போது அக்கா இரண்டாம் சுற்று டீயோடு வாசலில்தான் நின்றாள். அவன் ஜன்னல் வழியாகப் பார்த்தான். அவள் முகம் மாறவில்லை. அத்தைக்கு அரை ஸ்பூன் சர்க்கரை போட்டது எது என்று தட்டில் தேடி, அந்தக் கோப்பையை அவள் பக்கம் திருப்பி நீட்டினாள். அத்தை எடுத்துக்கொண்டாள்.

அப்பாவின் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அவன் அறைக்குள் போனபோது மணி இரண்டரை தாண்டியிருந்தது. அக்கா பின்னாலேயே வந்தாள். வரச் சொல்லவில்லை. மெத்தையைச் சுருட்டிச் சுவரோரம் நிறுத்தினாள். கட்டில் முழுக்க இரும்பு. தலைமாட்டில் எட்டு, கால்மாட்டில் எட்டு நட்டுகள். அவள் அவனிடமிருந்து ஸ்பேனரை வாங்கிக் கால்மாட்டில் உட்கார்ந்தாள். சின்ன வயதில் அப்பாவோடு வேலைக்குப் போனவள் அவள்தான், அவன் இல்லை. மூன்றாவது நட்டு கழன்றபோது அவன் சொன்னான்.

"அக்கா, நேத்து ரெண்டு மணிக்கு அது அடிக்கவே இல்ல."

அவள் நான்காவதில் ஸ்பேனரைப் பொருத்தினாள். "தாள்ல இருக்கே."

"தாள்ல இருக்கிறது கம்ப்யூட்டரோட ரெண்டு மணி. அப்ப நிஜத்துல ஆறு. உன்னை எழுப்பினது அந்த மணிதான். அதுக்கு முன்னாடி எதுவும் அடிக்கல, நீ எதையும் அமுக்கல. நான் மூத்தவகிட்ட வேலைய முடிச்சிட்டு மணியைத் திருத்தாம போயிட்டேன்."

அவள் கேள்விகள் கேட்டாள். எத்தனை மணிக்கு மாற்றினாய், எத்தனை மணிக்குத் திரும்ப மாற்றினாய், அப்போது ஓரத்தில் என்ன காட்டியது, எட்டு மணி மருந்துக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை. அவன் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான். மாற்றியது பத்து மணிக்கு, அதற்கு முன்பே எட்டு மணி மருந்து கொடுத்தாகிவிட்டது என்றான். அவள் மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். இந்த முறை விரல் விட்டு எண்ணிக்கொண்டே கேட்டாள்.

"உனக்கு இது எப்ப தெரியும்?"

"பதினொண்ணே காலுக்கு."

"நர்ஸ் இருக்கும்போதே."

"ம்."

"நான் அமுக்கிட்டுப் படுத்துட்டேன்னு சொன்னேனே, அப்பவும் தெரியும்."

"ம்."

அக்கா போனை எடுத்து மணி பார்த்தாள். இரண்டு நாற்பது. "பரவால்ல. நாலு மணி நேரம் ஆகறதுக்குள்ள சொல்லிட்ட" என்றாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

நான்காவது நட்டு இறுகிக் கிடந்தது. அவள் ஸ்பேனரின் மேல் இரண்டு கையையும் வைத்து உடம்பின் பாரத்தைக் கொடுத்தாள். அது கொஞ்சம் அசைந்தது. அப்படியே, திரும்பாமல் பேசினாள்.

"நான் கண்ணத் திறந்தப்ப என்னையே பாத்துட்டு இருந்தார்டா. முகமெல்லாம் வேர்த்துக் கொட்டியிருந்துச்சு. நல்லா தூங்கினியா பாப்பான்னு கேட்டார். ரேடியோவ வேற எட்டி அணைச்சு வச்சிருந்தார், எப்படித்தான் கை எட்டுச்சோ. ஏன்ப்பா எழுப்பலன்னேன். மணி இன்னும் அடிக்கலையேம்மான்னார்."

அவன் கழன்ற மூன்று நட்டுகளையும் ஓரமாகச் சேர்த்து வைத்தான்.

"அடிச்சிருக்கும்ப்பா, உங்களுக்குக் காது கேக்கலன்னு சொன்னேன்."

"அதுக்கு?"

"இருக்கும், இருக்கும்னுட்டார்."

கூடத்தில் யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். அக்கா நட்டைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்து, மற்றவற்றோடு வைத்தாள். பிறகு, அத்தையிடம் நீயே போய்ச் சொல் என்றாள். எனக்காக இல்லை, அப்பாவுக்குக் காது நன்றாகத்தான் கேட்டது என்று யாராவது ஒருவருக்காவது தெரியட்டும் என்றாள்.

அவன் வாசலுக்குப் போனான். அத்தையோடு இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். நின்றுகொண்டே சொன்னான். ஒழுங்காகச் சொல்ல வேண்டும் என்று ஆரம்பத்திலிருந்து தொடங்கியதால் பேட்ஜ் மென்பொருளிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று. அத்தை கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு தலையாட்டிக் கேட்டாள்.

"ஒரு பெட்டிக்குள்ள எதுக்குப்பா ரெண்டு?"

பழைய மென்பொருள் புதியதில் ஓடாது, அதனால்தான் என்றான். இன்னொரு பெட்டி வாங்கிவிட வேண்டியதுதானே என்றார் பக்கத்தில் இருந்தவர். மணி நான்கு மணி நேரம் பின்னால் போன கதையைச் சொன்னபோது, அத்தை புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, விடுப்பா, மிஷின் பண்ணின கோளாறுக்கு நீ என்ன செய்வாய் என்றாள். மிஷின் இல்லை அத்தை, நான்தான் என்றான். அவளோ வண்டி நான்கு மணிக்கா ஐந்து மணிக்கா என்று கேட்கத் தொடங்கியிருந்தாள். ஐந்து என்றான். பின் குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்.

"அக்கா மேல ஒரு தப்பும் இல்ல. மணி அடிக்காததால அப்பா அவள எழுப்பாம இருந்திருக்கார். அவருக்குக் காது நல்லாத்தான் கேட்டிருக்கு. இதுக்கு மேல யார்கிட்டயும் அவ தூங்கினத சொல்லாதீங்க அத்தை."

அத்தை அவனை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். வீட்டின் உள்பக்கம் பார்த்தாள். பிறகு ஆறிப்போன டீயைக் கீழே வைத்தாள்.

அவன் அறைக்குத் திரும்பியபோது அக்கா சுருட்டிய மெத்தையில் சாய்ந்து, காலை நீட்டித் தரையில் தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. கால்மாட்டில் எட்டும், தலைமாட்டில் இரண்டும் முடித்திருந்தாள். ஸ்பேனர் அவள் மடியில் விரல்களுக்குள் கிடந்தது. அதை எடுத்தால் விழித்துவிடுவாள்.

அவன் செருப்பைக் கழற்றிவிட்டுத் தலைமாட்டில் உட்கார்ந்தான். துண்டை நான்காக மடித்துத் தரையில் விரித்தான். விரலாலேயே ஒரு நட்டைத் திருகிப் பார்த்தான். முதலில் வரவில்லை. சட்டை நுனியைச் சுற்றிப் பிடித்துத் திருகினான், வந்தது. கழன்றதைத் துண்டின் மேல் வைத்தான். அடுத்ததற்குப் போனான். நான்காவதில் கட்டைவிரல் தோல் உரிந்தது.

மனைவி வாசற்படியில் வந்து நின்று, கட்டில்காரர்கள் வந்துவிட்டார்கள் என்று சொல்ல வாயெடுத்தாள். அவன் கையைத் தூக்கினான். அவள் தரையில் கிடந்தவளைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், வெளிக்கதவைச் சாத்தப் போனாள்.

கடைசி நட்டும் வந்துவிட்டது. தலைமாட்டுச் சட்டம் மொத்தமாகக் கழன்று அவன் பக்கம் சாய்ந்தது. இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டான். நல்ல கனம். கீழே விட்டால் தரையில் இடிக்கும், சுவரில் சாய்த்தால் உரசும். நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபடி அவன் அப்படியே உட்கார்ந்திருந்தான்.